இரண்டு வாசலுக்கும் ஒரே பேராச்சி

மாரிக்கண்ணன் என்கிற பேரை விஜயராணி முதன்முதலாகக் கேட்டது அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. எண்பத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாசம். வந்த கூட்டத்தில் ஒருத்தி, "உனக்கு நாத்தனார் தொந்தரவு கிடையாது தாயி. ஒரே ஒரு கொழுந்தன்தான், மாரிக்கண்ணன்னு. ஒம்பது வயசு. கணக்கைக் குடுத்துட்டா சோறு தண்ணி கேக்க மாட்டான்" என்று சொன்னாள். சோறு கேட்காத கொழுந்தன் நல்லதுதான் என்று விஜயராணி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது இருபது வயசு.

கல்யாணம் முடிந்து தாராவிக்கு வந்தாள். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் சந்துக்குள் சந்து, அதில் ஒற்றை அறையும் மேலே ஒரு மாடமும். புருஷன் கணேசபாண்டியன் தோல்பை தைக்கும் பட்டறையில் மெஷின் போட்டுக்கொண்டிருந்தான். மாமியாருக்கு எழுத்து தெரியாது. விஜயராணி எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் மாரிக்கண்ணனின் மார்க் அட்டையில் கையெழுத்துப் போடும் வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது. பத்தாவது வரைக்கும் அவள்தான் போட்டாள். அதற்கப்புறம் அவன் படித்த படிப்புக்கெல்லாம் கையெழுத்து தேவைப்படவில்லை.

அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான். இருபது வருஷம் அடுத்தவர் சொன்னபடி மென்பொருள் எழுதினான். சாதனா என்கிற மராட்டிக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு செம்பூரில் குடியேறினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாராவிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். சாதனாவை விட்டால் அம்மா, அண்ணன், மதினி. இந்த மூன்று பேருக்கும் மேல் அவனுக்குச் சொல்லிக்கொள்ளும்படி யாருமில்லை. பேச்சும் குறைவு.

விஜயராணி ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கவுன்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாட்டுங்காவில் நாணு சார் என்று ஒருத்தர், பாலக்காட்டுப் பக்கத்து மனுஷர், நடத்துகிற லேப். ரத்தம் எடுக்கும் கவுன்டர் தாராவியில் ஒன்று, ஆண்டாப் ஹில்லில் ஒன்று, செம்பூரில் ஒன்று. டியூபெல்லாம் மாட்டுங்காவுக்குப் போகும். நாணு சாருக்கு வயசாகி, மகள் ரஞ்சனா பொறுப்பை எடுத்தபோது, பழைய மென்பொருளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. "எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான்" என்று விஜயராணிதான் சொன்னாள். அப்படித்தான் மாரிக்கண்ணன் வேலையை விட்டுவிட்டுத் தனியாக இறங்கினான். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை அவனே வரைந்த முதல் வேலை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் தரையில் ஒரு சார்ட் பேப்பரை விரித்துக் கட்டம் போட்டான். கீழே ஒரு பெரிய கட்டம். மேலே இரண்டு சின்னக் கட்டம்.

"இது என்னல, அடுப்பும் ரெண்டு பானையுமா?" என்றாள் அத்தை. அத்தை என்றால் அவன் அப்பாவின் தங்கச்சி. விஜயராணிக்கு அவள் சித்தி முறை. ஆண்டாப் ஹில்லில் இருந்தவள், புருஷன் செத்த பிறகு பிள்ளை குட்டி இல்லாததால் போன வருஷம்தான் இவர்கள் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தாள்.

"அத்தே, ஒண்ணு மதினியோட கவுன்டர் கம்ப்யூட்டர். டெஸ்க்டாப்பு. ஸ்டிக்கர் அடிக்கது, டியூப்புக்கு நம்பர் போடுதது எல்லாம் அதுதான். இன்னொண்ணு வெப்பு. டாக்டரு அவரு ரூம்ல இருந்து பாப்பாரு, நோயாளி போன்ல பாப்பாவ. ரெண்டுக்கும் கீழ நடுவுல ஒண்ணு இருக்கு. புத்தி எல்லாம் அந்த நடுவுல. மேல ரெண்டும் முட்டாளா இருக்கணும். அப்பதான் ரெண்டு வாசல்ல எதுல வந்தாலும் ஒரே பதில் கெடைக்கும்."

"அப்ப உங்க மதினி முட்டாளு பக்கத்துல உக்காந்திருக்காளா?"

"மதினி இல்ல அத்தே, கம்ப்யூட்டரு."

"நீ படிச்ச படிப்புக்கு எம் மாடத்துல இருக்க டீவிய ஒருநாளு சரிபண்ணிக் குடுத்தியால? மருமவன் என்ஜினீருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுதேன், ஒரு சீரியலுக்கு வழியில்ல."

மாமியார் சிரித்தாள். கணேசபாண்டியன் படுத்தபடி சிரித்தான். மாரிக்கண்ணனும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

விஜயராணி கேட்டாள், "நெட்டு போச்சுன்னா என்ன செய்ய மாரி? ரோட்டத் தோண்டிப் போட்டானுவன்னா எங்க கவுன்டர்ல ரெண்டு நாளைக்கு ஒண்ணும் வராதே. வயித்துல ஒண்ணுமில்லாம வந்து நிக்கவுகளப் போங்கன்னு சொல்ல முடியாது."

அவன் மேல் கட்டம் ஒன்றுக்குள் இன்னொரு சின்னக் கட்டம் போட்டான். "அப்ப கவுன்டருக்கும் கொஞ்சம் புத்தி குடுக்கணும்" என்றான். நெட் இல்லாத நேரத்தில் கவுன்டர் தானே பதிந்து, தானே தற்காலிகமாக ஒரு எண் போட்டு வைத்துக்கொள்ளும். நெட் வந்ததும் எல்லாவற்றையும் நடுவுக்கு அனுப்பும். வந்திருக்கும் ஆள் பழைய ஆளா, புது ஆளா என்று நடு முடிவு செய்யும். அதுதான் ஏற்பாடு.

பழைய மென்பொருளில் அந்தச் சங்கடம் பெரிதாக இருந்தது. ஒரே ஆளுக்கு ஏழெட்டுப் பதிவு. சுடலைமுத்து ஒரு தடவை எஸ் போட்டு வருவார், ஒரு தடவை அப்பா பேரோடு வருவார், ஒரு தடவை அப்பா பேர் முன்னால் நிற்கும். ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி. டாக்டர்கள் பழைய ரிசல்ட்டைத் தேடிச் சலித்துப்போனார்கள். "எனக்கு ஒரு பேஷன்ட்டுக்கு ஒரே பக்கம் வேணும் மாரி, தட்ஸ் இட்" என்று ரஞ்சனா சொல்லிவிட்டாள். அவன் மூன்று வாரம் யோசித்தான். தமிழாட்களின் பின்பேரை நம்ப முடியாது என்று அதைக் கணக்கில் இருந்து எடுத்தான். சொந்தப் பேர், பிறந்த தேதி, போன் நம்பர், மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள். பழைய பதிவு நாலாயிரத்தை அதில் ஓட்டிப் பார்த்தான். முன்னூற்றுச் சொச்சம் இரட்டைப் பதிவு ஒன்றாயிற்று. ஒன்றுகூடத் தப்பாகச் சேரவில்லை.

தை மாசம் புது ஏற்பாடு நடப்புக்கு வந்தது. கவுன்டரில் காகிதம் அடித்துக் கொடுப்பது நின்றது. முன்பெல்லாம் ரிசல்ட்டில் எண் எகிறியிருந்தால் மாட்டுங்காவிலிருந்து டாக்டருக்கு ஆள் போன் செய்வார். இப்போது வெப் பக்கத்தில் சிவப்பாகக் காட்டும் என்று அதையும் நிறுத்தினார்கள். ஆறு மாசம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நாணு சார் ஒருநாள் கவுன்டருக்கு வந்து, "உங்க கொழுந்தனார் ஜோரா பண்ணியிருக்காராக்கும். மழைக்குக் கரண்டு போனாலும் நம்ம கவுன்டர் நிக்கலை பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் ஆறு கவுன்டர் திறக்கப்போவதாகவும், எல்லாவற்றுக்கும் மாரிக்கண்ணன்தான் என்றும் பேச்சு.

ஆடி மாசம் சித்தியின் கால் வீங்கியது. சர்க்கரை ரொம்ப நாளாக உண்டு. மாஹிமில் இருக்கிற டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். "நீ போறதுக்கு நானும் வந்து குடுத்துட்டுப் போறேன் மைனி, ஒரே நடையா போவும்" என்று மாமியாரும் கிளம்பினாள். நாத்தனாரை அவள் மைனி என்றுதான் கூப்பிடுவாள். செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு கவுன்டரில் வந்து உட்கார்ந்தார்கள். ரோட்டில் கேபிள் அறுந்து அன்றைக்கு நெட் இல்லை.

விஜயராணி பதிந்தாள். மாமியார் பேரைக் கையால் தட்டுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. முப்பத்தைந்து வருஷத்தில் வாயால் சொன்னதில்லை. பேராச்சி. அடுத்து சித்தி. அவளும் பேராச்சி. மாமியாருடைய அப்பாவும் சித்தியுடைய அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அவர்களைப் பெற்றவள் பேர் பேராச்சி. மகன் வழியில் பிறந்ததுக்கும் அந்தப் பேர், மகள் வழியில் பிறந்ததுக்கும் அந்தப் பேர். பிறகு சித்தியின் அண்ணன் மாமன் மகளைக் கட்டியதில் இரண்டு பேராச்சியும் ஒரு வீட்டுக்குள் மைனியும் நாத்தனாருமாக ஆகிவிட்டார்கள். நம் பக்கத்தில் இது ஒரு அதிசயமே இல்லை.

பிறந்த தேதி ஆதாரைப் பார்த்துப் போட்டாள். இரண்டிலும் ஒன்றாந் தேதி, ஒன்றாம் மாசம், நாற்பத்தெட்டு. முகாமில் ஆதார் எடுத்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். வயசு கேட்டவனிடம் சித்தி, "இவளுக்கு எம்புட்டோ அம்புட்டுதான் எனக்கும், எழுதிக்கோ" என்று சொல்லியிருந்தாள். போன் நம்பர் இருவருக்கும் இல்லை. விஜயராணி தன் நம்பரையே இரண்டு தடவை போட்டாள். கம்ப்யூட்டரில் இரண்டு வரி தனித்தனியாக இருந்தது. இரண்டு டியூபுக்கும் தனித்தனி ஸ்டிக்கர் வந்தது. அவள் சரியாக ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை சித்தியைக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் தன் அறையில் வெப்பைத் திறந்து பார்த்தார். "பொட்டாசியம் எல்லாம் நார்மல். பழைய மாத்திரையே போடுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

"நார்மலுன்னா காலு ஏன் இப்பிடி இருக்கு?" என்று வீட்டுக்கு வந்து சித்தி கேட்டாள்.

"வயசு அப்பிடி, சித்தி" என்றாள் விஜயராணி.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சித்தி, சரிபண்ணி வந்த டீவியைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். எழுபத்தாறு வயசு, சர்க்கரை வேறு. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாரிக்கண்ணன் வந்து கொள்ளி வைத்தான். பதினாறும் கழிந்தது.

மாசக் கடைசியில் டியூப் நம்பர் வரிசையைச் சரிபார்ப்பது கவுன்டர் வேலை. விஜயராணி கவுன்டர் கம்ப்யூட்டரில் பார்த்தபடி வந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமையில் இரண்டு வரி இருந்தன. மாமியார் டியூபில் பொட்டாசியம் நாலு புள்ளி இரண்டு. சித்தி டியூபில் ஆறு புள்ளி ஒன்பது. ஆறு தாண்டினால் இதயம் நின்றுவிடக்கூடும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்கும் தெரியும். போனை எடுத்து வெப்பைத் திறந்தாள். அங்கே ஒரே ஒரு பேராச்சி இருந்தாள். நாலு புள்ளி இரண்டு.

அவள் அழவில்லை. வரிசையில் நின்ற நாலு பேருக்கும் பதிந்து அனுப்பினாள். பிறகு மாரிக்கண்ணனுக்குப் போன் செய்து, "ஒரு விஷயம் பாக்கணும், வா" என்றாள்.

அவன் செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்தான். நின்றபடியே அவள் காட்டியதைப் பார்த்தான். தன் லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டி, நடுவில் இருந்ததையும் பார்த்தான். அப்புறம் உட்கார்ந்தான்.

"அத்தை பேரும் பேராச்சியா மதினி?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். யாராவது கேட்டா சொல்லியிருப்பேன்." திரையைப் பார்த்தபடியே சொன்னான், "அம்மா அம்மாதான், அத்தை அத்தைதான். பேரா நெனச்சதே இல்ல."

"நானும் பாத்துத்தான் அடிச்சேன். ரெண்டு வரி இருந்துச்சேன்னு இருந்துட்டேன்."

"உங்க கவுன்டர்ல ரெண்டு ஆளுதான். நெட்டு வந்தப்புறம் நடுவுல ஒண்ணாயிட்டு. அத்தையோடது மொதல்ல வந்திருக்கு, செவப்பா. மறு டியூப்பு இருவது நிமிசம் கழிச்சு வந்து அத மூடியிருக்கு. வெப்பு கடைசி நம்பரத்தான் காட்டும்."

வேறொருவர் வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். அவள் டீ வாங்கி வந்தாள். குடித்தான். அங்கேயே உட்கார்ந்து அந்த விதியை மாற்றினான். இனி நடு தானாக யாரையும் சேர்க்காது. கவுன்டரில் இருக்கும் ஆளைக் கேட்டுத்தான் சேர்க்கும். வெப்பில் சிவப்பு வந்தால் டாக்டர் பார்த்தேன் என்று அழுத்துகிற வரை அது மறையாது. எல்லாம் முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று.

"அம்புட்டுதானா?" என்றாள் அவள்.

"அம்புட்டுதான்."

அன்றைக்குச் சாயங்காலமே அவன் ரஞ்சனாவுக்கும் மாஹிம் டாக்டருக்கும் விஷயத்தை எழுதி அனுப்பினான். யாரும் கேட்காமல் அவனே அனுப்பினான். அந்த வாரம் வியாழக்கிழமை அவனையும் விஜயராணியையும் மாட்டுங்காவுக்குக் கூப்பிட்டார்கள்.

ரஞ்சனா ஒரு காகிதம் அடித்து வைத்திருந்தாள். கவுன்டரில் பெயர் முழுமையாகப் பதியப்படாததால் நேர்ந்த தவறு, மென்பொருள் அதன் விதிப்படி சரியாகவே வேலை செய்தது என்று அதில் இருந்தது. கீழே மென்பொருள் செய்தவர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

"டாக்டர் ரிட்டனா எக்ஸ்ப்ளனேஷன் கேக்கறார் மாரி. சாஃப்ட்வேர்ல ஃபால்ட்னு போனா எல்லா டாக்டரும் நம்மை விட்டுடுவா. புது கவுன்டர் ஆறும் போச்சு, உன் கான்ட்ராக்டும் போச்சு. என்ட்ரி எரர்னா, ஒரு ஸ்டாஃபை மாத்தினோம்னு முடிஞ்சுடும்."

நாணு சார் விஜயராணியிடம், "உங்கமேல யாருக்கும் கோபமில்லை, கேட்டேளா. ஒரு வழி வேண்டியிருக்கே" என்றார். அவர் பார்வை மேஜையிலேயே இருந்தது.

"புருஷன் பேரையும் சேத்துத்தான் அடிச்சேன் சார்" என்றாள் விஜயராணி.

"சிஸ்டம் அதைப் பாக்காதுன்னு தெரிஞ்சு, கூட ஏதாவது போட்டிருக்கலாமே ஆன்ட்டி" என்றாள் ரஞ்சனா.

அது பார்க்காது என்று தனக்கு யார் சொன்னார்கள் என்று விஜயராணிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் அது மாரிக்கண்ணன்மேல் போய் விழும். இந்த வேலைக்காக அவன் இருபது வருஷ உத்தியோகத்தை விட்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பி, "போட்டுரு மாரி. எனக்கு அம்பத்தஞ்சு ஆவுது. வீட்டுல இருந்தா எனக்கென்ன. நீ இன்னும் எம்புட்டோ செய்யணும்" என்றாள்.

அவன் காகிதத்தை இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவையும் படித்தான். பிறகு பேனாவை எடுத்து, அடித்திருந்த இரண்டு வரிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டான். அதற்குக் கீழே தன் கையால் எழுதினான்: கவுன்டரில் இருவரும் தனித்தனியாகச் சரியாகப் பதியப்பட்டார்கள். மென்பொருளின் மையப் பகுதி அவர்களை ஒருவராகச் சேர்த்தது. அந்த விதியை எழுதியவன் நான். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டான்.

"அரே மாரி, என்ன பண்றே நீ? இது உனக்கே தெரியறதா?"

"தெரியுது மேடம்."

"அப்போ நான் உன்னை வச்சுக்க முடியாது."

"சரி மேடம்."

நாணு சார் மகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியே அனுப்பிடு ரஞ்சு. அவர் எழுதினபடி" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து மாட்டுங்கா ஸ்டேஷன் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. விஜயராணியிடம் குடை இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை.

"ஏன் மாரி இப்பிடிச் செஞ்ச? சாதனாகிட்ட என்ன சொல்லுவ?"

"நடந்ததச் சொல்லுவேன்."

"எம்மேல போட்டிருந்தா என்ன குடி முழுவிப் போவும்?"

"நீங்க சரியா அடிச்சிய மதினி" என்றான். செம்பூர் போகிற பஸ் வந்தது. ஏறிப் போனான்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னத்துக்குக் கூப்பிட்டாவளாம்?"

"ஆபீஸ் விஷயம் அத்தே."

"எனக்கு ரத்தம் நல்லா இருக்குன்னு வந்துச்சே, அது அந்த மைனிக்கும் இருந்திருந்தா இன்னும் நாலு வருசம் கெடந்திருப்பா. பாவி மட்டை."

விஜயராணி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு உலை வைத்தாள். கணேசபாண்டியனிடம் மட்டும் அன்றைக்கே சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அம்மைக்குத் தெரிய வேண்டாம்" என்றான். இன்றுவரை தெரியாது.

நாணு சார் சொன்னபடியே காகிதம் போயிற்று. நாலைந்து டாக்டர்கள் விலகினார்கள், மற்றவர்கள் இருந்தார்கள். லேபின் மென்பொருளை வேறு கம்பெனி பார்க்கிறது. அந்த விதி மட்டும் அவன் கடைசியாக மாற்றியபடியே இருக்கிறது. விஜயராணியை யாரும் போகச் சொல்லவில்லை. அவளும் போகவில்லை. நெட் வந்து, இவரும் அவரும் ஒருவர்தானா என்று திரையில் கேள்வி வரும்போது, ஆளைக் கூப்பிட்டு அம்மா பேர் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் பதில் போடுகிறாள். வரிசையில் நிற்பவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள்.

மாரிக்கண்ணன் எட்டு மாசம் வீட்டில் இருந்தான். சாதனா பள்ளிக்கூட வேலையில் குடும்பத்தை ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு வந்தால் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், படுத்திருப்பான். விஜயராணி இரண்டொரு தடவை அந்தப் பேச்சை எடுக்கப் பார்த்தாள். அவன் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. "சொல்லுங்க மதினி" என்று கேட்டுக்கொண்டிருப்பான். அவள்தான் பேச்சை மாற்றிவிடுவாள். இரண்டு கம்பெனிகள் அவனை வடிவமைக்கிற வேலைக்கே கூப்பிட்டன. வேண்டாம் என்றுவிட்டான்.

இப்போது அவன் காட்கோபரில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வேலையில் இருக்கிறான். குடியிருப்பது பழையபடி செம்பூரில்.